காசாத்தானுங்க

ஸ்டாம்ப் விற்கிற வேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டது சபியாதான், யாரை நொந்துகொள்வது? பாலக்காட்டிலிருந்து வந்து மூணாறு பஜாரில் அவள் போட்டிருப்பது தேயிலை, ஏலக்காய் விற்கிற கடை. அதில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், இங்கே யாருக்கும் படிக்க வராத எழுத்தில், உக்ரைன் நாட்டுத் தபால்தலைகள். மகள் ரஸியா அங்கே டாக்டருக்குப் படிக்கப் போய்ச் சண்டையில் மாட்டிக்கொண்டபோது, குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி லூபா தன் பங்கு ரொட்டியைக் கொடுத்து, நிலவறையில் வைத்துக் காப்பாற்றினாள். லூபாவின் மகன் இப்போது அடிபட்டவர்களை ஏற்றிப்போகிற ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். வண்டிச் செலவுக்கென்று அவள் ஸ்டாம்ப் அனுப்புவாள். சபியா விற்றுக் கொடுப்பாள்.

முதலில் ஸ்டாம்ப் சேர்க்கிறவர்கள் தேடி வந்து வாங்கினார்கள். பிறகு சண்டையும் நீண்டது, சனங்களுக்கும் அலுத்துப்போனது. டூரிஸ்டுகள் எடுத்துப் பார்ப்பார்கள், “நல்லாருக்கு” என்பார்கள், சாக்லேட் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லிச் சொல்லி சபியாவுக்கும் வாய் ஓய்ந்துவிட்டது. அங்கே ஆம்புலன்ஸோ, என்ஜின் போய் நிற்கிறதாம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து முஹ்சின் வந்தார். பாத்திரக் கடைக்காரர், பள்ளிவாசலில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். பெட்டி மேலிருந்த அட்டையில் ‘போரில் தவிக்கும் மக்களுக்காக’ என்று படித்துவிட்டு, “காசாங்களா?” என்றார்.

கடையில் அன்றைக்கு ஜிபே வேலை செய்யவில்லை. “ஆமாங்க, காசாத்தானுங்க. வேற எதுவும் இல்லீங்க,” என்றாள் சபியா.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டாம்புக்கு இத்தனை உருக்கமா என்று அவளுக்கு ஆச்சரியம். அவர் போய்ச் சொன்னதுதான் தாமதம், சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் பெட்டி காலி! சந்தோஷம் தாங்காமல் ரஸியாவுக்குப் போன் போட்டாள். ரஸியா லூபாவிடம் சொல்ல, மகன் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டான்.

மறுநாள், வாங்கிப்போன ஒருவர், “அந்தக் காசாப் பிள்ளைங்களுக்கு அல்லா ஒரு வழி விடட்டும்,” என்று சொன்னபோதுதான் உறைத்தது. யா அல்லா! முஹ்சின் கேட்டது ஊரை. இவள் சொன்னது ரூபாயை.

“பேசாம இரு. அதுவும் சண்டை, இதுவும் சண்டைதானே,” என்றார் புருஷன் ஜப்பார்.

“அவங்க மனசுல நிய்யத்து வச்சுக் குடுத்தது அந்தப் பிள்ளைங்களுக்குங்க. மாத்திவிட நான் யாரு?” என்று சீறினாள். சீறிவிட்டு அழுதாள். ஆம்புலன்ஸ் வேறு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ஆனாலும் முஹ்சினைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

வாங்கிப்போனவர்கள் எல்லாரும் வந்தார்கள். யாரும் கத்தவில்லை, கத்தியிருந்தாலாவது தேவலை. ஸ்டாம்பை வைத்துவிட்டு, “இந்தப் பணம் காசாவுக்கே போகட்டும் அக்கா,” என்று பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக முஹ்சின். படியிறங்கியவர் திரும்பி வந்தார்.

“ஒன்னு குடுங்க.”

“ஒன்னை வச்சு வண்டி ஓடுமாங்க?” சபியாவுக்கு வாய் அடங்கவில்லை.

“ஓடாதுங்க. எந்த ஊருக்குன்னு தெரிஞ்சே வாங்குறேன்.”

சாயங்காலம் ரஸியா கூப்பிட்டாள். ஒர்க்‌ஷாப்காரன் பணம் கேட்கிறானாம். “எல்லாம் வித்துருச்சுன்னு சொன்னியேம்மா?”

“இல்ல கண்ணு,” என்றாள் சபியா. “ஒன்னு வித்திருக்கு.”