முருகேஸ்வரி விலக்கு

1

இந்தக் கதை கடற்கரையில் தொடங்கியிருக்க வேண்டும். வைப்பாறு கடலில் சேரும் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே தர்கா கந்தூரி விழாவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் என் மாமா தவுபிக் அந்த ஆர்டரைப் பிடித்துவிட்டு, எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்.

"பர்வீனு, முகத்துவாரம், உப்பளம், தர்கா கொடிமரம், சுத்தி இருக்கிற கிராமங்க. அம்புட்டுதான். படிக்கிறவுக சந்தோசமாப் படிக்கணும்."

உட்கார்ந்து எழுதினேன்: "ஆறு கடலைத் தொட்டுச் சிலிர்க்கும் அந்த அழகிய

[இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடிக்காமல் விட்டிருக்கிறேன். நீங்களும் பாருங்கள், எவ்வளவு பொய்யான வரி என்று.]

சரி, ஆற்றை மேல்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம், அப்போதாவது ஒரு நல்ல வரி கிடைக்கும் என்று விருதுநகரிலிருந்து சாத்தூர் போய், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்கு ஏறியவள்தான். இன்னும் கடலுக்குப் போய்ச் சேரவில்லை.

2

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஆனாலும் கண்டக்டர் கேட்பார். காசு கொடுக்க வேண்டாம், இறங்கும் இடத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு முன் சீட்டில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு பெண் இருந்தார்.

"எங்கனக்கா?" என்றார் கண்டக்டர் செந்தூர்பாண்டி. தெரிந்தே கேட்ட மாதிரி இருந்தது.

"முருகேஸ்வரி விலக்கு."

பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அப்படி ஓர் இடத்தை நான் கேள்விப்பட்டதில்லை.*

"முருகேஸ்வரிங்கிறது யாருக்கா?" என்று கேட்டேன்.

"என் தங்கச்சி" என்றார். அவர் பெயர் வேலுத்தாய்.

(* வெளியூர்க்காரர்களுக்கு: மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பாதை பிரியும் இடம் விலக்கு. எங்கள் பக்கம் கோயிலையோ குளத்தையோ வைத்து வழி சொல்வது குறைவு. பட்டாசுக் கம்பெனி பெயரை வைத்துத்தான் சொல்வோம்.)

3

நடந்ததைச் சொன்னவர் செந்தூர்பாண்டி. கோபம் மட்டும் என்னுடையது.

முருகேஸ்வரி வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வேறு ஒருவர் லைசென்ஸில் இருந்தது. சங்கரலிங்கம் என்கிற முதலாளி அதைக் குத்தகைக்கு எடுத்து, தன் பெயர் எங்கும் வராமல் ஓட்டினார். சட்டத்தில் இதற்கு இடமில்லை. போர்டில் இருந்தது லைசென்ஸ்காரர் பெயர். வேலைக்குப் போன பெண்களுக்கு அது 'சங்கரலிங்கம் கம்பெனி'. ஒருநாள் அங்கே வெடிமருந்து வெடித்ததும், பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட பெண் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆம்புலன்ஸும் சரியாக, சங்கரலிங்கம் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும் அவருடைய இன்னொரு கம்பெனிக்குப் போய் நின்றது. இங்கே ஒன்றும் ஆகவில்லையே என்று வாட்ச்மேன் கேட்டைத் திறந்து காட்டினாராம்.

[தீயைப் பற்றி இந்த இடத்தில் அழகாக ஒரு பத்தி எழுதலாம். எழுத மாட்டேன்.]

முருகேஸ்வரி தானே நடந்து மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டாள். "தினம் என் பஸ்ல வர்ற பிள்ளை. எனக்கே அடையாளம் தெரியலைங்க" என்றார் செந்தூர்பாண்டி. "அவளாத்தான் சொன்னா, அண்ணே நான் முருகேஸ்வரிண்ணேன்னு. பஸ்ல இருந்த ஒவ்வொருத்தர்ட்டயும் சொன்னா. எங்க யாருன்னு தெரியாமப் போயிருவமோன்னு பயந்திருக்கும்."

எங்கும் நிறுத்தாமல் பஸ்ஸை சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். அவள் பிழைக்கவில்லை. மறுநாள் அதே இடத்தில் ஸ்டாப் பெயரைக் கூவ வாயைத் திறந்தபோது, பழைய பெயர் வரவில்லை என்றார். அவள் சொன்ன பெயர்தான் வந்தது. கொஞ்ச நாளில் ஊரே அப்படிச் சொல்ல ஆரம்பித்தது.

4

இப்போது அந்தக் கம்பெனியை சங்கரலிங்கம் விலைக்கே வாங்கி, சொந்தப் பெயரில் நடத்துகிறார். விலக்கில் நிழற்குடை கட்டி, 'ஆண்டிச்சாமி விலக்கு' என்று தன் அப்பா பெயரை எழுதியிருக்கிறார். அவரைப் பார்க்கப் போனேன். கொடுமைக்காரராக இருந்தால் கதைக்கு வசதி. மனுஷன் ஃபேனைப் போட்டுவிட்டு டீ வரவழைத்தார்.

"நட்டஈடு குடுத்தாச்சு. அக்காகாரிக்கு வேலையும் குடுத்திருக்கேன். லோடு எடுக்க வர்ற டிரைவர் வழி கேட்டா, செத்த பிள்ளை பேரைச் சொல்றாக. யாவாரம் வெளங்குமா, நீங்களே சொல்லுங்க."

"வேலுத்தாயக்கா பஸ்ல வந்து அந்தப் பேரைச் சொல்றதுல உங்களுக்கு என்னங்க?"

"திங்கக்கிழமையில இருந்து எல்லாரும் கம்பெனி வேன்லதான் வரணும்னுட்டேன். வெயில்ல நிக்காம வரட்டுமே. பஸ்லதான் வருவேன்னா, அவுக வீட்லயே இருந்துக்கிடலாம்."

நல்லது செய்கிற குரலிலேயே இதைச் சொன்னார்.

வேலுத்தாயிடம் வேனைப் பற்றிக் கேட்டேன். "வேன்ல எங்க இறங்கணும்னு யாரும் கேக்க மாட்டாகம்மா. பஸ்லதான் கேப்பாக. தினம் ஒரு தடவை அவ பேரைச் சத்தமாச் சொல்லிக்கிறேன். வீட்ல சொன்னா பிள்ளை அழுதுருது." முருகேஸ்வரியின் மகள் ஐஸ்வர்யா இவரிடம்தான் வளர்கிறாள். இந்த வேலை போனால் அவள் படிப்பும் போய்விடும்.

கந்தூரி மலரிலாவது இந்த விலக்கின் பெயரைப் போடுவோம், அதுவும் வைப்பாற்று ஊர்தானே என்று மாமாவிடம் கேட்டேன். "ஏ பிள்ளை, கிறுக்கா உனக்கு? சங்கரலிங்கம் அண்ணாச்சி கம்பெனிக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள் அடிக்கிறதே நாமதான்" என்று போனை வைத்துவிட்டார். அதனால்தான் அந்தப் பெயர் இங்கே, கதை என்கிற பெயரில் வந்திருக்கிறது.

5

முடிவு ஒன்று: திங்கட்கிழமை பஸ்ஸில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பெயரைக் கூவுகிறார்கள். எழுதினேன். எனக்கே கண் கலங்கியது. பிறகு வெட்கமாகிவிட்டது. எனக்குக் கைதட்டல் கிடைக்க அவர்கள் ஏன் தீபாவளி சீசன் நேரத்தில் வேலையை இழக்க வேண்டும்? அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: வேலுத்தாய் வேனில் ஏறுகிறார். ஜன்னல் வழியாக நிழற்குடை பின்னால் போகிறது. அவருடைய உதடுகள் மட்டும்

[இல்லை. இதைப் பத்திரிகைகள் விரும்பிப் போடும். மனசு கனத்தது என்று நீங்களும் சொல்லிவிட்டுத் தூங்கப் போவீர்கள். உங்களைத் தூங்க வைக்க நான் எழுதவில்லை.]

6

இன்று ஞாயிறு. நாளை காலை வேன் வரும். பின்னாலேயே பஸ்ஸும் வரும். வேலுத்தாய் எதில் ஏறுவார் என்று எனக்குத் தெரியாது. எதில் ஏறினாலும் அவரைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை, உங்களுக்கும் இல்லை.

ஆனால் நீங்கள் சங்கரலிங்கத்திடம் வேலை பார்க்கவில்லை. உங்கள் வீட்டு அடுப்பு அவரை நம்பி எரியவில்லை. அப்புறம் என்ன பயம்? சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். ஏழாயிரம்பண்ணை டவுன் பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். கம்பெனியிலிருந்து டெப்போவுக்குப் புகார் போயிருப்பதால் செந்தூர்பாண்டியால் இனி அந்தப் பெயரைக் கூவ முடியாது. யாராவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதோ, டிக்கெட் மெஷினோடு உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

"சொல்லுங்க, எங்க இறங்கணும்?"