கை அளவு

ஜாக்கெட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிய ஷஹீமாவின் விரல்களில் ஒரு சின்னத் தலை தட்டுப்பட்டது. அவள் அலறாமல் இருந்ததே பெரிய விஷயம்.

"அம்மா, ஷ்ஷ்! டோன்ட் டெல் எனிபடி," என்று இருட்டுக்குள்ளிருந்து கிசுகிசுத்தான் ஆதிஃப். ஆறு வயது. தகப்பனைப் பள்ளிவாசலிலிருந்து மையவாடிக்கு அடக்கம் செய்யத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பிள்ளை அப்பாவின் துணி அலமாரியில் ஒளிந்து விளையாடிக்கொண்டிருக்கிறான்.

"உள்ள எதையாச்சும் தொட்டியா? கறுப்பா, பெட்டி மாதிரி?"

"நோ."

"அப்படி ஏதாச்சும் பாத்தா தொடவே கூடாது. அம்மாவைக் கூப்பிடணும். ஓகேவா?"

"வொய்?"

ஜாக்கெட்டுகளைப் பழையபடி இழுத்துவிட்டு எழுந்தாள்.

வீட்டில் ஏழு பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். கட்டிலுக்கு அடியில் ஒருத்தி, பெட்டிகளுக்குப் பின்னால் ஒருத்தன். புருஷன் ஹஸ்னைன் துப்பாக்கியை ஒளித்துவைக்கத் தோதான இடம் என்று அவள் நினைத்துப் போகும் ஒவ்வொரு மூலையிலும் ஏற்கெனவே ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. கீழே ஹாலில் பெண்கள் யாசீன் ஓதும் முணுமுணுப்பு.

நேற்று மாலை டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில், ஆபீஸ் பார்க்கிங்கில், காரில் ஏறி பெல்ட்டைப் போட்ட கையோடு ஹஸ்னைன் போய்விட்டான். நாற்பத்தாறு வயது. மாரடைப்பு. இன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜனாஸா தொழுகை. அதற்கு முன் பள்ளிவாசலில் அவளுக்கு முகம் காட்டினார்கள். பதினேழு வருஷம் பார்த்த முகம். அதைப் பார்த்ததும், "எங்கங்க வச்சீங்க அதை?" என்றுதான் அவளுக்குக் கேட்க வந்தது. கடைசியாக அவனிடம் பேச இதுதானா கிடைத்தது என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எல்லாம் நண்பன் தீபக் வீட்டுக் கொள்ளையில் ஆரம்பித்தது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மாடியில் குடும்பம் தூங்க, கீழே புகுந்தவர்கள் பீரோவைப் பெயர்த்து நகையை அள்ளிப் போனார்கள். மறுநாளே ஹஸ்னைன் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். ரைஸ் குக்கர் வாங்கவே மூன்று வாரம் ரிவ்யூ படிக்கிற ஆள். துப்பாக்கிக்கு விடுவானா? மாடல் ஒரு பக்கம், விலை ஒரு பக்கம், எடை, உதைப்பு, சுடும்போது சிக்கிக்கொள்ளுமா என்று கட்டம் கட்டமாக எக்ஸெல்லில் போட்டு வைத்தான்.

"ஐநூறு டாலருக்குள்ளயே நல்லதா இருக்கு ஷஹீ. ரொம்ப சீப்பா போனா ஜாம் ஆயிடுதாம். ஷூட்டிங் ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்து நாலு மாடல் ட்ரை பண்ணிப் பாத்தேன்."

"மிக்ஸி வாங்கற மாதிரி பேசறீங்க."

"பாதி வாரம் நான் ட்ராவல்ல இருக்கேன். நான் இல்லாதப்ப நீயும் புள்ளைங்களும்…"

"நீங்க இல்லாதப்ப அல்லா இருக்கான். அது இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் இருக்க மாட்டேன்."

வந்தது. மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள், திருப்பிக் கொடுங்கள் என்றாள். அதையெல்லாம் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்றான். மூன்று வருஷம் படுத்துப் புரண்ட மெத்தையையே கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிவந்த மனுஷன்! அவள் விடவில்லை. கடைசியில் இறங்கி வந்தான்.

"சரி, சனிக்கிழமை கடைக்காரன்கிட்ட பேசறேன். அதுவரைக்கும் நீ அதைக் கண்ணால பாக்க மாட்டே, புள்ளைங்க கையும் படாது. ப்ராமிஸ்."

எங்கே வைத்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வீம்புக்கு வாயை மூடிக்கொண்டாள். நாளைதான் அந்தச் சனிக்கிழமை.

கீழே போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் அத்தனை பெண்களும் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடுவார்கள். பொழுது சாய்வதற்குள் டாலஸ் முழுக்கத் தெரிந்துவிடும். நல்ல மனுஷன், ஐந்து வேளை தொழுவார் என்று பேசுகிற வாய்களெல்லாம், வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தாராமே என்று பேசும். மண்ணுக்குள் போன முதல் நாளே அவனுக்கு அந்தப் பேர் வேண்டாம். அதற்குள் ஏதாவது ஒரு பிள்ளை கையில் அது சிக்கினால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் கால் தானாக அடுத்த மூலைக்கு நடந்தது.

கராஜ், பாத்ரூம் பரண், சூட்கேஸ்கள், அவன் மேஜை எல்லாம் பார்த்தாயிற்று. மேஜை இழுப்பறையில் பென்சில்தான் கிடந்தது. அந்தப் பென்சிலை அவளுக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்பு டிவி பார்த்துக்கொண்டிருந்தவளின் வலது கையை ஒரு காகிதத்தில் வைத்து, விரல் விரலாகச் சுற்றி வரைந்தான். "எதுக்குங்க?" என்றதற்குச் சிரித்தான். கல்யாண நாள் வருகிறது, வளையலுக்குத்தான் என்று அவளே முடிவு கட்டி, ஊரிலிருக்கும் தங்கையிடம் போனில் பீற்றிக்கொள்ளவும் செய்தாள். கல்யாண நாள் வந்து போனது. வளையல் வரவில்லை. இத்தனை தேடலில் ஒரு வளையல் பெட்டியாவது அகப்படுகிறதா பார் என்று இந்த நேரத்திலும் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

படி இறங்கியதும் ஹபீஸா ஆன்ட்டி மறித்தாள். துக்கம் விழுந்த மவுத் வீடு என்றால் முதல் ஆளாக வந்து பொறுப்பை எடுத்துக்கொள்கிறவள்.

"புருஷன் போயி இத்தால இருக்கற பொண்ணு இப்படி மேலயும் கீழயும் அலையலாமாம்மா? ஒரு எடத்துல உக்காரு."

"தொழுகைக்கு ஒளு செய்யப் போனேன் ஆன்ட்டி."

"இதோட மூணு தடவை ஒளு செஞ்சிட்டே."

உட்கார வைத்தாள். யாரோ கையில் டீயைத் திணித்தார்கள். மாடியில் ஓடும் ஒவ்வொரு காலடியையும் ஷஹீமா காதால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. மகள் ரிதா கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டு நான்சி, எழுபது வயது, புருஷனைப் பறிகொடுத்துத் தனியாக இருப்பவள். கையில் ஃபாயில் மூடிய பெரிய ட்ரே. ட்ரேயை ரிதாவிடம் கொடுத்துவிட்டு ஷஹீமாவைக் கட்டிக்கொண்டாள். இதைக் கொஞ்சம் சூடு பண்ணி வைக்கிறேன் என்று கண்ணைத் துடைத்தபடி சமையலறைக்குப் போனாள்.

மூன்று நாளைக்கு இந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று ஹபீஸா ஆன்ட்டி எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். நான்சியிடம் யார் சொல்வது?

உள்ளேயிருந்து பீப், பீப், பீப் என்று ஒரு சத்தம். ஷஹீமாவுக்கு அது பிடிபடவில்லை. மைக்ரோவேவ் சத்தம் இப்படி இருக்காது. நான்சி கைக்குட்டையோடு திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாடியில் காலடிகள் ஓடின. ஐந்தா, ஆறா? இன்னொருத்தன் எங்கே? அப்போதுதான் பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது.

"ஓ மை காட், மாம்," என்று ரிதா எழுந்தாள். "ஷீ டர்ன்ட் ஆன் த ஓவன். அவர் பான்ஸ் ஆர் இன் தேர்!"

இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் அந்த ஓவன் ஒரு நாளும் சூடானதில்லை. அது இவர்களுக்கு அலமாரி. தோசைக்கல், இட்லித் தட்டு, பணியாரச் சட்டி எல்லாம் அதற்குள்தான். அவற்றுக்கெல்லாம் அடியில், வருஷத்துக்கு இரண்டே முறை பிரியாணிக்கு வெளியே வரும் பெருநாள் தேக்சாப் பாத்திரம். அடுத்த பெருநாளுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

நீ அதைக் கண்ணால பாக்க மாட்டே. புள்ளைங்க கையும் படாது.

டீ தரையில் சிந்தியது. ஷஹீமா ஓடினாள். "எல்லாரும் வெளிய போங்க! கிச்சன்ல யாரும் நிக்காதீங்க!" பொத்தானை அணைத்து, கதவை இழுத்து, பிளாஸ்டிக் பிடி உருகிய தோசைக்கல்லை வெறுங்கையால் பிடித்துத் தரையில் எறிந்தாள். இட்லித் தட்டுகள் உருண்டன. தேக்சாவின் காதைப் பற்றியபோது உள்ளங்கை சுரீரென்றது. கனத்தது.

"விடும்மா, கை வெந்துடும்! நான் எடுக்கறேன்," என்று ஹபீஸா ஆன்ட்டி துணியோடு வந்தாள்.

"தொடாதீங்க ஆன்ட்டி!"

துப்பட்டாவைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்கதவால் புல்தரைக்குப் போனாள். அந்தக் கத்தலில் மற்றவர்கள் அப்படியே நின்றுவிட, நான்சி மட்டும் பின்னாலேயே வந்தாள். மன்னித்துக்கொள், எனக்குத் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஷஹீமா தேக்சாவைப் புல்லில் இறக்கி வைத்தாள். இதற்குள் துப்பாக்கி இருக்கிறது, வெடித்துவிடும், கிட்டே வராதே என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான்சி பின்வாங்கவில்லை. நாற்பது வருஷம் ராணுவக்காரனோடு குடும்பம் நடத்தியவள். புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். உள்ளே கறுப்புப் பெட்டி, வெதுவெதுப்பாக. பெட்டியிலிருந்த துப்பாக்கியை எடுத்து, அதன் வாயைத் தரைப் பக்கம் திருப்பி, பின்னால் இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். வெண்டைக்காய் வாங்குகிறவள் முனையை ஒடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. காலி என்றாள். பெட்டியைக் குடைந்து பார்த்துவிட்டு, குண்டு ஒன்றுகூட இல்லை என்றாள்.

பிறகு அதைத் தன் கையில் பிடித்து, புருவத்தைச் சுருக்கினாள். நல்லதாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறார், சிக்காது, விலையும் அதிகமில்லை என்றாள். ஆனால் பிடி ரொம்பச் சின்னது. உன் வீட்டுக்காரர் கை பெரிசாயிற்றே, அவருக்கு இது சரியாகவே உட்கார்ந்திருக்காதே என்றாள்.

பெட்டியின் அடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. ஷஹீமா பிரித்தாள். பென்சிலில் வரைந்த ஒரு கை. விரல் ஒவ்வொன்றின் மேலும் நீளம் எழுதியிருந்தது. கீழே ஹஸ்னைனின் கோழிக் கிறுக்கல்: 'குண்டு இப்ப வேணாம். ஷஹீ சரின்னு சொன்னா, அவளையும் க்ளாஸ்ல சேத்துட்டு அப்புறம் வாங்கலாம்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை எழுத்து தெரியவில்லை.

என் வீட்டில் பூட்டுப் பெட்டி இருக்கிறது, நீ சொல்லும்வரை அங்கே இருக்கட்டும் என்றாள் நான்சி. பெட்டியை ஸ்வெட்டருக்குள் வைத்து மூடிக்கொண்டு, வேலிக் கதவைத் திறந்து தன் வீட்டுப் பக்கம் போனாள்.

முன்வாசலில் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிவிட்டார்கள். ஹபீஸா ஆன்ட்டி கையில் தேன் பாட்டிலோடு பின்கதவுக்கு ஓடி வந்தாள். புல்லில் கிடந்த காலித் தேக்சாவைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஷஹீமாவின் வலது கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எப்படிச் செவந்து கெடக்கு பாரு. கையை விரிம்மா, தேனைத் தடவறேன்."

ஷஹீமா விரிக்கவில்லை.

"விரிச்சாத்தானேம்மா தடவ முடியும். காந்தும்ல?"

"காந்தட்டும் ஆன்ட்டி," என்றாள். மூடிய விரல்களுக்கு இடையே காகிதத்தின் ஒரு முனை வெளியே தெரிந்தது. அதையும் கட்டைவிரலால் உள்ளே தள்ளிக்கொண்டாள்.