ஒரு தலை குறைகிறது

மாலை ஆறே முக்கால். வகுப்பு முடியும் நேரம். நீச்சல் பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்து ஊதினாள். காற்று இடது உதட்டோரமாக ஒழுகிப்போனது. சத்தம் வரவில்லை. குளத்திலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது.

"வெளிய வர்றீங்களா, இல்ல நான் உள்ள இறங்கவா?"

தினமும் கடைசியில் கத்துவதுதான். அதற்குத்தான் அவர்கள் பயந்து கரையேறுவார்கள்.

முகவாதம், தானாகச் சரியாகிவிடும் என்றார் முதலில் பார்த்த மருத்துவர். அவளுக்கு ஒப்பவில்லை. போன வருடம் இடது காதுக்குப் பின்னால் சிவப்பாக, வலிக்காத ஒரு கட்டி. அரிதான தோல் புற்றுநோய் என்று வெட்டி எடுத்திருந்தார்கள். இதுவும் அதே பக்கம். போதாததற்கு வலது கால் மரத்துப்போகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. முதுகில் ஊசி குத்தி எடுத்த தண்டுவட நீரிலும் ஒன்றுமில்லை.

"மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க," என்றார் நரம்பு மருத்துவர்.

"அதான் ஒன்னுமில்லைன்னுட்டாங்களே. வாக்கா, போலாம். பசி உயிர் போகுது," என்றான் கூட வந்த தம்பி.

அவள் எழவில்லை.

"சாயங்காலம் குளத்துப் பிள்ளைங்கள எண்ணும்போது ஒரு தலை குறைஞ்சா என்னடா பண்ணுவேன்? தண்ணியில யாரும் கண்ணுக்குத் தெரியலைன்னு வீட்டுக்குப் போயிருவேனா?"

மருத்துவர் பேனாவை மூடினார். பிறகு பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தார்.

பரிசோதனைக்கூடத்து மருத்துவர் தானே மேலே வந்தார். விசாரித்திருந்தார். முதல் முறை காலையில் எடுத்த தண்டுவட நீர்க் குழாய் மதியச் சாப்பாடு முடியும்வரை வார்டு மேசையிலேயே கிடந்திருக்கிறது. "வெளிய எடுத்து வெச்சா புத்துநோய் செல்லெல்லாம் சீக்கிரம் கரைஞ்சுபோயிரும். அப்புறம் எங்க தேடுறது?" என்றார். இரண்டாம் முறை குத்தும்போது கதவருகிலேயே நின்றார். கூடுதலாக எடுக்கச் சொன்னார். குழாயைக் கையில் வாங்கியதும் படிக்கட்டில் ஓடினார். அந்தப் பருத்த உடம்போடு அவர் ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

"இவரை உன் டீம்ல சேத்துக்கக்கா," என்றான் தம்பி.

மறுநாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"கிடைச்சிருச்சும்மா!" கத்திவிட்டு, தன் சந்தோஷத்துக்குத் தானே கூசியவர்போல நிறுத்தினார்.

"பரவாயில்ல டாக்டர். நானும் அதைத்தானே தேடிட்டிருந்தேன்."

"மருந்து இருக்கு. நோய் எங்க இருக்குன்னு தெரியாமதான் குடுக்க முடியல. நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்."

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான். அவள் கேட்டது ஒன்றுதான். அதைப் பார்க்கவேண்டும்.

இடது கண் மூட மறுத்ததால் அதன்மேல் பட்டை ஒட்டியிருந்தது. வலது கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நீலமாக, சின்னச்சின்ன உருண்டைகள். மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒளிந்திருக்கும் பிள்ளைகளின் தலைகள்போல. அவள் உதடு அசைந்தது. எண்ணினாள். பிறகு, மருத்துவர் பக்கத்தில் நிற்பதை மறந்து, குளக்கரைக் குரலில் சொன்னாள்:

"வெளிய வர்றீங்களா, இல்ல நான் உள்ள இறங்கவா?"