பூவிழி நோட்டில் ஏழாவது வரி

பாப்பாரப்பட்டியில் புளியைக் கொட்டை நீக்கி பாக்கெட் போட்டு விற்கும் பூவிழிக்கு டெல்லியின் மேல் தீராத கோபம். மத்திய அரசு புது விதி ஒன்று போட்டால் போதும், கொட்டகைச் சுவரில் தொங்கும் நோட்டை எடுத்து அதனால் தனக்கு என்ன செலவு என்று எழுதிவிடுவாள். பாக்கெட்டில் எழுத்தைப் பெரிதாக்கியது, தண்ணீரைப் பரிசோதித்தது, ஒன்றையும் விட்டதில்லை. ஒருநாள் யாராவது கேட்காமலா போவார்கள்?

ஏழாவது வரியில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. வேலை செய்யும் எட்டுப் பெண்களுக்கும் டாக்டர் சான்றிதழ் வேண்டுமாம். தலைக்கு நானூற்றைம்பது.

இந்த மாதிரிச் சான்றிதழெல்லாம் வாங்கித் தரும் ஏஜென்ட் நவநீதன் வந்தான். "ஆளுங்க யாரும் வர வேணாங்க. ஆதார் மட்டும் குடுங்க, டாக்டர் கையெழுத்து வாங்கியாந்துடறேன். தலைக்கு ஐநூறு."

ஆஸ்பத்திரியைவிட ஐம்பது அதிகம்! நேர்மையெல்லாம் ஒன்றுமில்லை, அந்த ஐம்பதைக் கொடுக்கத்தான் அவளுக்கு மனசு வரவில்லை. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தானே என்று எட்டுப் பேரையும் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கிளப்பி, தானும் கிளம்பினாள்.

குள்ளம்மாள் மட்டும் முரண்டு பிடித்தாள். "எனக்கு எதுக்கு கண்ணு? இது புளித்தூசி இருமலு. கொட்டாயில யாருதான் இருமல?"

அதுவும் உண்மைதான். புளி அடிக்கிற இடத்தில் எல்லோரும் இருமுவார்கள், பூவிழியும்தான். குள்ளம்மாள் மூன்று மாதமாக இருமியதை யாரும் காதில் வாங்கவில்லை.

சான்றிதழ் எட்டுப் பேருக்கும் வேண்டுமே என்று பூவிழி அவளையும் பஸ் ஏற்றினாள். டாக்டர் அந்த இருமலைக் காதில் வாங்கினார். மார்பைப் படம் எடுக்கச் சொன்னார். காசநோய். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காப்பாத்தறதே கஷ்டம்மா" என்றார். பூவிழி மற்ற ஏழு பேருக்கும் படம் எடுக்கச் சொன்னாள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். சாமியை, டாக்டரை, தன் கஞ்சத்தனத்தை, ஏன், அந்தப் பாழாய்ப்போன விதியையும் சேர்த்துத்தான்.

ஆறு மாதம் அரசு ஆஸ்பத்திரி மாத்திரை. கன்னம் பூரித்துக் குள்ளம்மாள் வேலைக்குத் திரும்பிய வாரம், வியாபாரிகள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. எந்த விதியால் எவ்வளவு செலவு, எந்த விதியை எடுத்துவிடச் சொல்லி அரசிடம் கேட்கலாம் என்று எழுதிக்கொடுக்க வேண்டுமாம். பூவிழி நோட்டைப் பிரித்து உட்கார்ந்தாள்.

"எம் பேருக்கு எவ்ளோ எழுதியிருக்கற கண்ணு?"

"நானூத்தம்பது அக்கா."

"அவ்ளோதானா நானு?" என்று குள்ளம்மாள் சிரித்தாள். சிரித்து முடிக்கும்வரை இருமல் வரவில்லை.

பூவிழிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் ஏழாவது வரியை அவள் அடிக்கவில்லை, செலவு செலவுதானே. பக்கத்தில் மட்டும் எழுதினாள்: 'இதை மட்டும் எடுத்துடாதீங்க.'