பாதி வழியில் நிற்கும் வண்டி

மூன்று ஆண்பிள்ளைகள் ஓர் இன்ஜினைச் சுற்றிக் குனிந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். குனிந்த தலைகளில் ஒன்றிலாவது ஏதாவது இருக்கும் என்று நம்பிய காலமும் உண்டு. அந்த நம்பிக்கையைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய கோல்ஃப் வண்டி தீர்த்துக்கட்டியது.

எமர்ஜென்சி நடந்த சமயம். கம்பிச் சுருள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் டெலிபோன் ஆபரேட்டர். பேர் அரவிந்தவல்லி, ஊர் திருவள்ளூர். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடை வரைக்கும் இரும்புச் சட்டம். அப்பா இல்லை. அம்மாவும் நானும் புதுவாயலில் ஒண்டுக்குடித்தனம், என் சம்பளத்தில். வேலை போனால் திருவள்ளூரில் அண்ணா வீட்டுக் கொல்லைப்புற அறைக்குத்தான் திரும்ப வேண்டும். மன்னி கொட்டாவி விட்டால்கூட அது நம்மைக் குறித்துத்தான் என்று புரிந்துகொள்ள வேண்டிய வீடு அது. செத்தாலும் அங்கே போகக் கூடாது என்று இருந்தேன்.

மானேஜர் தேவராஜன் எங்கள் தெருக்காரர். தெருவில் மாமா, ஆபீஸில் சார். எனக்கு வேலை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அதை எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவர்தான். தொழிற்சாலையின் கேட் ஹைவே ஓரத்தில், ஆபீஸ் கட்டடம் நிலத்தின் மறுகோடியில். நடுவே கால் புதையும் மணலும் வேலிக்காத்தான் முள்ளும். எதற்கு இப்படிக் கட்டினார்கள் என்று கேட்டால், இடம் இருந்தது, கட்டினோம் என்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த மணலில் சட்டத்தை இழுத்துக்கொண்டு ஒரு வருஷம் நடந்தேன். தினமும் லேட். தொடையில் உரசி உரசிப் புண்.

காலையில் மானேஜரைக் கூட்டிவரும் கம்பெனி கார் கேட்டைத் தாண்டித்தானே உள்ளே வருகிறது, தெருவிலிருந்து வேண்டாம், அங்கேயாவது என்னையும் ஏற்றிக்கொள்ளக் கூடாதா என்று மூன்று தடவை போய்க் கேட்டேன். நாற்காலியில் சாய்ந்து காது குடைந்துகொண்டே கேட்டார். அது ஆபீசர் கார் என்றார். மூன்றாம் தடவை, நாடே நேரத்துக்கு வேலைக்கு வருகிறது, இனிமேலும் லேட்டானால் டெலிபோன் போர்டுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். புண்ணைப் பற்றி நான் சொன்னது குடைந்துகொண்டிருந்த காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அந்தப் புரட்டாசியில் முதலாளி மெட்ராஸில் ஏலத்தில் எடுத்த பெட்ரோல் கோல்ஃப் வண்டி ஒன்றை அனுப்பிவைத்தார். விருந்தாளிகளை ஏற்றித் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டவாம். பச்சை சீட்டு, அதைத் தூக்கினால் அடியில் இன்ஜினும் பெட்ரோல் டாங்கும். பெடலை மிதித்தால் கிளம்பும், காலை எடுத்தால் நிற்கும். ஆயுத பூஜை வரைக்கும் சமர்த்தாக ஓடியது. அதற்குப் பிறகு பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. பம்பாய்க்காரர் ஒருவரை முள்ளு நடுவில் இறக்கி நடக்கவிட்டதும் முதலாளிக்கு அலுத்துப்போயிற்று. விருந்தாளிக்கு ஆகாத வண்டி எனக்கு வந்து சேர்ந்தது. வலது கால் எனக்கு நன்றாகவே வேலை செய்யும், ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை. வாட்ச்மேன் அதைக் கேட்டில் நிறுத்தி வைப்பான், நான் ஏறிக்கொண்டு வருவேன். மாமா இதையும் தன் தயாள குணத்துக்கு அத்தாட்சியாக ஊரெல்லாம் சொன்னார்.

ஆனால் வண்டி போய்ச் சேர்ந்தால்தானே. பாதி வழியில் உள்ள தண்ணீர்த் தொட்டி வரை வரும், அங்கே இருமும், நின்றுவிடும்.

முதலில் வந்தவன் ஃபிட்டர் அரசப்பன். சீட்டைத் தூக்கினான், மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான், மூடியை இறுக்கினான், பிளக்கைக் கழற்றிச் சட்டைத் துணியில் துடைத்தான். வண்டி கிளம்பியது.

"பிளக்குல கரி புடிச்சுக்கினு இருந்துச்சும்மா. இனிமே பேஜாரே இல்ல, நீ பாட்டுக்கு போய்க்கினே இரு" என்றான். மறுநாள் காலையில் அதே தண்ணீர்த் தொட்டி.

அடுத்தவர் அசிஸ்டென்ட் இன்ஜினீயர் பூவராகவன். சட்டைப் பையில் நாலு கலர் பேனா குத்திய ஆசாமி. அவரும் சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்து, இறுக்கி மூடினார். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் சூடாகிறது என்று தீர்ப்புச் சொல்லி அதன்மேல் ஈரச் சாக்கைப் போடச் சொன்னார். சற்றுப் பொறுத்து மிதித்தேன், கிளம்பியது. உஷ்ணம், மின்சாரம் என்று எனக்கு ஒரு பிரசங்கமே நடந்தது. மறுநாள் ஈரச் சாக்கோடு அதே இடத்தில் நின்றது.

கடைசியில் மாமாவே எழுந்தருளினார். அவர் மூடியைத் தொடவில்லை, அரசப்பனிடம் திறந்து பார்க்கச் சொல்லி இரண்டடி தள்ளி நின்றார். பிறகு, திருஷ்டி என்று சொல்லிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி ஓடியது. அன்றைக்கு முழுக்க அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்கப்புறம் பிளக்கா காயிலா திருஷ்டியா என்று கேண்டீனில் ஒருவருக்கொருவர் மல்லுக்கட்டினார்கள். வண்டியில் உட்கார்ந்து வருகிறவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கோ லேட்டுக்கு மேல் லேட். வண்டி கொடுத்தும் இந்த லட்சணமா, இந்த மாசத்தோடு சரி, இனி மன்னிப்பு கிடையாது என்று மாமா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லாமல் அழுதேன்.

மறுநாள் வழக்கமான இடத்தில் நின்றபோது அரசப்பன் லீவு, திருவாலங்காட்டில் மைத்துனன் கல்யாணம். பூவராகவன் இன்னும் வரவில்லை. என்னிடம் ஸ்பானரும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. பெட்ரோல்தான் இருக்கிறதா பார்ப்போம் என்று சீட்டைத் தூக்கி மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு ஏறி மிதித்தேன். ஆபீஸ் வாசல் வரைக்கும் ஓடியது.

போர்டில் உட்கார்ந்து லைன் கொடுத்துக்கொண்டே யோசித்தேன். பிளக்கை யாரும் துடைக்கவில்லை, சாக்கை நனைக்கவில்லை, பழம் வைக்கவில்லை. எல்லாரும் செய்ததும் நான் செய்ததும் ஒன்றே ஒன்றுதான், மூடியைத் திறந்து பார்த்தது. சாயங்காலம் அந்த மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம், தடிமனாக அப்பியிருந்தது. டின் பாலில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் இறங்காது, காற்று போக இன்னொரு ஓட்டை வேண்டும் என்பது அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். பெட்ரோலுக்கும் அதே கதைதான்; மூடியைத் திறக்கும்போது புகுந்த காற்று பாதி வழிக்குத்தான் போதும், அப்புறம் இன்ஜினுக்குப் பெட்ரோல் இறங்காது.

பொட்டு வைத்தது யார் என்பதும் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜையன்று மாமாதான் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கண்ணில் பட்டதுக்கெல்லாம் சந்தனம் அப்பினார், என் டெலிபோன் போர்டு உள்பட. வட்டமாக நெற்றி மாதிரி இருக்கிறதே என்று இந்த மூடிக்குத் தாராளமாகவே வைத்திருந்தார். அரசப்பன் கெரசின் போட்டு இன்ஜினையே கழுவினான், இந்தப் பொட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனான். சாமி பொட்டாம். நாலு பேனாக்காரரும் அதன்மேல் விரல் வைக்காமல்தான் மூடியைத் திருகினார். இவர்களையெல்லாம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

நான் அதைச் சுரண்டவில்லை. சுரண்டினால் பொட்டு எங்கே, யார் அழித்தது என்று ஒரு விசாரணைக் கமிஷனே உட்காரும். மூடியை இறுக்காமல் அரைத் திருகு தளர்த்தி விட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆபீசுக்கு முதல் ஆளாக வந்தேன். தொடைப் புண் ஆறிற்று. வண்டியைச் சரிசெய்தது தான்தான் என்று மூன்று பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து சொன்னார்கள். நானும் மூன்று பேரிடமும் தலையாட்டினேன்.

மாசி மாசம் மாமா கூப்பிட்டனுப்பினார். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறதாம். முதலாளியோடு பெரிய பார்ட்டி வருகிறார்களாம், புது ஷெட் கட்டும் இடத்தை வண்டியில் வைத்துத்தான் காட்ட வேண்டுமாம். இனி அது மானேஜர் வசம்தான் இருக்குமாம். நான் எப்படி வருவது என்று கேட்டேன்.

"முன்னாடி நடந்துதானே வந்துண்டிருந்தே? உனக்குப் பழக்கம்தானே" என்றார்.

ஒரு வருஷத்துப் புண் முழுவதும் ஒரே சமயத்தில் எரிகிற மாதிரி இருந்தது. வாசலுக்குப் போய்ச் சீட்டைத் தூக்கி, மூடியை நன்றாக, பலம் கொண்ட மட்டும், இறுக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு சாவியை அவரிடம் கொடுத்தேன்.

உச்சி வெயிலில் ஒத்திகை பார்க்கக் கிளம்பினார், ஷூவும் டையுமாக, தனியாக. தண்ணீர்த் தொட்டி அருகே வண்டி இருமி நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறங்கி டயரை ஓர் உதை விட்டார். பேண்டில் எண்ணெய் பட்டுவிடும் என்று சீட்டைத் தூக்கவே இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆளும் இல்லை. திரும்பி நடக்க ஆரம்பித்தார். மணலில் ஷூ புதைய, எடுக்க, புதைய. எனக்குப் பரிதாபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

என் அறைதான் வாசலுக்குப் பக்கம். உள்ளே வந்து பெஞ்சில் சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என் கூஜாவிலிருந்த தண்ணீரைக் கொடுத்தேன், மடமடவென்று குடித்தார். ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினார். அந்தச் சனியனைக் கண்ணாலேயே பார்க்க வேண்டாம், நீயே கட்டிக்கொண்டு அழு என்று சாவியை மேஜைமேல் போட்டார். எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டே என் காலின் இரும்புச் சட்டத்தைப் பார்த்தார். அதை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இந்த மணல்லயா ஒரு வருஷம் நடந்தே? இவ்ளோ தூரம் இருக்கேம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் மாமா, மூணு தடவை. அப்போல்லாம் நீங்க உக்காந்துண்டிருந்தேள்."