காற்றுப் பட்ட பஞ்சு

சதாசிவத்தின் உடலை ஏற்றிய வண்டி குடியிருப்பின் தெருமுனை திரும்பியதுமே, அவருடைய அக்கா பிரபாவதி தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டாள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அண்டா, குடம், ஃபில்டர் எல்லாம் கவிழ்ந்தன. கடைசியில் கூடத்து மீன் தொட்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"இதுவும்தான்."

"அத்தை, அது கடல் தண்ணி. உள்ள உயிர் இருக்கு," என்றாள் சதாசிவத்தின் மகள் வைஷாலி.

"இதுக்கு முன்னாடிதானேடி என் தம்பி உயிர் போச்சு?"

தொட்டிக்கு எதிரே இருந்த பிரம்பு நாற்காலியில்தான் அப்பா விடியற்காலையில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். அது தெரியாமல் அம்மா பக்கத்தில் காப்பியை வைத்துவிட்டு, கேஸ் தீரப்போகிறது, சன்ஷேடு ஒழுகுகிறது என்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். காப்பியில் ஏடு படிந்த பிறகுதான் தோளைத் தொட்டாள்.

வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மா வழி சொன்னாள். "இன்னாத்துக்கு சண்ட? கடலு தோ கீது. எம்மவன் ஆட்டோல புதுத்தண்ணி கொண்டாந்துடறேன். பழச கொட்டிக்கோங்க."

அத்தைக்கும் அது சரியாகப் பட்டது. வைஷாலியைத் தலைமுழுகத் துரத்தினாள். "நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைஷாலி போனாள். சாவு வீட்டில் யார் யார் பேச்சைக் கேட்கிறார்கள்!

தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் பவளம். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கிய பாறையில் ஒட்டிக்கொண்டு வந்த ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு ஒன்றும் இருந்தது. வந்தபோது பொட்டு அளவு. இப்போது உள்ளங்கை அகலம். அதை வைத்துத்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் ஓயாத சண்டை. மின் நிலையத்தின் கடல்நீர்க் குழாய்களில் வளரும் பஞ்சையும் சிப்பியையும் ஒழிப்பதற்கே சம்பளம் வாங்கியவர், வீட்டில் அதே பஞ்சுக்கு வக்காலத்து வாங்கினார்.

"பவளத்து மேலயே ஏறுதுப்பா. சுரண்டிப் போட்டுடுங்க."

"நாள் பூரா அழுக்கைக் குடிச்சுத் தண்ணிய சுத்தமா வெக்குது. கொஞ்சம் இடத்தை அடைச்சா என்ன? நீ அடைக்கலையா?"

"செத்துப்போச்சுன்னா? அழுகி மீனையும் சேர்த்துக் கொன்னுடும்."

அப்போது மட்டும் அவர் சிரிப்பு நின்றுவிடும். "காத்துல தூக்காம இருந்தா சாகாது. தண்ணிய விட்டு வெளிய எடுத்தா உள்ள காத்து புகுந்துக்கும். அப்புறம் திருப்பி வெச்சாலும் பிரயோஜனமில்ல. பாக்க அப்படியேதான் இருக்கும். செத்தது உடனே தெரியாது."

ஈரத்தலையோடு வைஷாலி ஓடிவந்தபோது தொட்டி காலியாகிக் கிடந்தது. மீன்கள் வாளியில். பாறைகள் தாம்பாளத்தில். அம்மா பஞ்சு ஒட்டிய பாறையைக் கையில் ஏந்தி நின்றாள். பஞ்சிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பாவோடது. நானே பத்திரமா எடுத்துட்டேன்," என்றாள்.

இந்நேரம் பஞ்சுக்குள் காற்று புகுந்திருக்கும். காலையிலிருந்து அழாத அம்மா, இதைக் கேட்டால் என்ன ஆவாள்? புதுத்தண்ணீர் வந்தது, பாறைகள் இறங்கின, மோட்டார் உறுமத் தொடங்கியது. பஞ்சு பழைய இடத்தில் பழைய நிறத்தோடு உட்கார்ந்திருந்தது. அதன் துளைகள் தன்னையே பார்ப்பதுபோல வைஷாலிக்குத் தோன்றியது. அன்றும் மறுநாளும் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள். மோட்டார் ஓசைக்கு நடுவே நாற்காலி முனகியதாகக்கூடக் கேட்டது. பயமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், பால் தெளிக்க ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். இனியும் பஞ்சை உள்ளே விட்டால் மீன்கள் பிழைக்காது. அம்மா குளிக்கப் போயிருப்பாள் என்று நினைத்து, வைஷாலி வாளியோடு கூடத்துக்கு வந்தாள்.

அம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூல் மேல் காப்பி.

"வாளி எதுக்கு?"

"சும்மா... துடைக்கலாம்னு."

"பொய் சொல்லாத." அம்மா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கத்துனதெல்லாம் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். கையில தூக்கினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. காத்து பட்டா போயிடும்னு."

வைஷாலி வாளியை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள்.

"உடனே தெரியாதுன்னாரு இல்ல? அதான் உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். அவரு போனதும் எனக்குத் தெரியலையே, வைஷு. பேசிக்கிட்டே இருந்தேனே."

பஞ்சின் ஓரத்தில் மெல்லிய வெண்மை படரத் தொடங்கியிருந்தது. அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். வைஷாலி வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவள் தோளில் கை வைத்தாள். தோள் சூடாக இருந்தது. அந்தச் சூடு அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

"எடுத்துடட்டுமாம்மா? மீனாவது இருக்கட்டும்."

"எடுக்கலாம். காப்பி ஆறட்டும்."

வைஷாலி தரையில் உட்கார்ந்தாள். மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஸ்டூலில் இருந்த காப்பியில் ஏடு படிந்துகொண்டிருந்தது.