கோயில்மாட்டுக்கு முதல் துண்டு

மாசிமகத்து மஞ்சுவிரட்டு அன்று பொட்டல் மேடையில் இருந்தவர்கள் இன்னார்: ஊருக்குத் தலைவரான அம்பலம் மலையாண்டி, அவர் மனைவி பொன்னுத்தாயி, பங்காளி சேவுகன், பினாங்கில் கடை வைத்துத் திரும்பிய புதுவயல் சபியுல்லா, அவர் கூட்டி வந்த ரீஸ் துரை. கோயில்மாட்டைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர் பூசாரி நாகநாதன். தாங்களும் மேடையில் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்ட யாரும் மேடையில் இல்லை.

ஆண்டு 1971. தொழுவுக்குள் மாடுகள் முட்டி மோதின. கொட்டுச் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. கோயில்மாட்டின் கொம்பில் அம்பலம் கையால் முதல் துண்டு விழுந்த பிறகுதான் மற்ற மாடுகள் அவிழும். கோயில்மாட்டை யாரும் அடக்குவதில்லை. துண்டு கட்டும் உரிமை எத்தனையோ தலைமுறையாக மலையாண்டி வீட்டுக்கு. முந்தின வருடம் சாக்கோட்டை யூனியன் தேர்தலில் அவர் தோற்றிருந்தார். உச்சவரம்புச் சட்டத்தில் நிலமும் போகும் என்று பேச்சு. துண்டை மட்டும் அதுவரை யாரும் கேட்கவில்லை.

"அம்பலம், இவுக யாருன்னு நெனைச்சீக?" என்றார் சபியுல்லா. "அவுக ஊர்ல மலை, காடு, கறுப்பு மாட்டுப் பண்ணை எல்லாம் இவுகளுது. தாத்தா காலத்துலேருந்து பாராளுமன்றத்துல உக்காந்த குடும்பம். மாடுன்னா உசுரு. அதான் நம்ம மாட்டைப் பாக்கக் கூட்டியாந்தேன்."

"இங்கிலீசுகாரரா?"

"அட, மெல்லப் பேசுங்க! இங்கிலீசுகாரருன்னா கோவிச்சுக்குவாரு. இவுக வேல்ஸ்காரரு, அது வேற நாடு. நம்மள எவனாச்சும் பம்பாய்க்காரன்னு சொன்னா சும்மா இருப்பமா?"

மலையாண்டி திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் சாய்வு இருந்தும் துரை சாயவில்லை. மலையாண்டியும் சாய்ந்து உட்கார்பவர் அல்ல.

"இப்பவும் பாராளுமன்றத்துல இருக்காரா? கேளுங்க."

துரை சிரித்துவிட்டு நெடுநேரம் பேசினார். சபியுல்லா கேட்டுக் கேட்டுச் சொன்னார்.

"தோத்துட்டாகளாம். இவுக மலையில கல்லு ஒடைச்சவரு மகன்கிட்டயே தோத்தாகளாம். அப்பா செத்ததும் சர்க்கார் போட்ட வரியில பாதி நெலம் போச்சாம். வீடு இப்பப் பள்ளிக்கூடமாம். வருசா வருசம் ஊர் மாட்டுச் சந்தைய இவுக குடும்பந்தான் தொறந்து வைக்குமாம். தோத்த வருசம் மேடையில வேற ஆளு. இவுக கூட்டத்துல நின்னு கை தட்டுனாகளாம்."

"கை தட்டுனாரா?"

"நல்லாச் சத்தமாவே தட்டுனேங்கிறாரு."

மலையாண்டி தமக்கு வந்த இளநீரைத் துரை பக்கம் நகர்த்தினார்.

அந்த நேரம் பார்த்துச் சேவுகன் துண்டு வைத்த பித்தளைத் தட்டோடு எழுந்தார். கூட்டத்துக்கும் கேட்கும்படி பேசினார். "அண்ணே, இம்புட்டுப் பெரிய மனுசர் நம்ம ஊருக்கு வந்திருக்காக. இந்த வருசம் துரையே கட்டட்டும். வேணாம்னா சொல்லப் போறீக?"

கூட்டம் ஓவென்று இரைந்தது. மலையாண்டி வேண்டாம் என்றால் விருந்தாளியை ஊர் நடுவில் அவமதித்தவர் ஆவார். சரி என்றால் உரிமை கைமாறக்கூடியது என்றாகிவிடும். அடுத்த வருடம் அந்தத் தட்டுக்குச் சேவுகன் கையே நீளும்.

பொன்னுத்தாயி விடவில்லை. "ஏன் கொழுந்தனாரே, யூனியன் எலெக்சன் முடிஞ்சு போச்சு. இனி மாட்டுக்கும் ஓட்டுப்பெட்டி வைக்கப் போறீகளா?"

அதற்குள் தட்டு துரை கைக்குப் போய்விட்டது. சேவுகன் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கீழே இறக்கினார். சபியுல்லா கூடவே ஓடி அவர் காதில் இங்கிலீசில் ஏதோ படபடவென்று சொன்னார். மலையாண்டியும் இறங்கினார். மேடையில் உட்கார்ந்து அதைப் பார்க்க அவரால் முடியாது.

எவனோ அவசரக்காரன் வேட்டு ஒன்றைக் கொளுத்திவிட்டான். வெடித்த வெடிப்பில் கோயில்மாடு நாகநாதன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. கூட்டம் சிதறியது. சேவுகன் மேடைக்கு ஏறிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் ஊர் கண்டதில்லை. சபியுல்லா மேடையோரம் நின்ற மாட்டுவண்டிக்கடியில் புகுந்தார்.

மலையாண்டி ஓடவில்லை. அந்த வீட்டில் ஓடிப் பழக்கமில்லை. துரையும் ஓடவில்லை. அவர் வீட்டிலும் பழக்கமில்லை போலும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த மாடு, துரைக்குக் கையெட்டும் தூரத்தில் நின்று மூசு மூசென்று மூச்சு விட்டது.

"கட்டுங்க துரை! கட்டுங்க!" மேடையிலிருந்து சேவுகன் கத்தினார். கூட்டமும் கத்தியது. துரை கை ஒருமுறை கொம்புக்குப் போனால் போதும், எல்லாம் முடிந்தது.

துரை தட்டை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையால் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தலை வணங்கினார். பிறகு மாட்டின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே பின்வாங்கி, தட்டை மலையாண்டியிடம் நீட்டினார்.

மலையாண்டி துண்டை எடுத்தார். நாக்கைச் சொடுக்கி ஒரு குரல் கொடுத்தார். மாடு காதைத் திருப்பியது. திமிலில் கையை வைத்துத் தடவி, கொம்பில் துண்டை இறுக்கிக் கட்டினார். மாடு ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் பொட்டலைக் கடந்து பறந்தது. கொட்டு காதைப் பிளந்தது. தொழு திறந்தது. ஊரே தொண்டை கிழியக் கத்தியது.

துரை மலையாண்டியைப் பார்த்து ஏதோ சொன்னார். வண்டிக்கடியிலிருந்து புழுதியோடு வந்த சபியுல்லாவிடம் மலையாண்டி கேட்டார்: "என்ன சொல்றாரு?"

"அது ஒங்க வீட்டு உரிமைன்னு எறங்கையிலேயே நான் அவுககிட்டச் சொல்லிட்டேன். கூட்டத்துல நின்னு கை தட்டுறது எப்படி இருக்கும்னு அவுகளுக்குத் தெரியுமாம். ஒங்களுக்கு அது வேணாங்கிறாக."

துரை தட்டையும் தொப்பியையும் சபியுல்லாவிடம் கொடுத்துவிட்டுக் கை தட்டினார். சொன்னபடி நல்ல சத்தம்தான்.

வெள்ளைக்காரத் துரை கோயில்மாட்டை அடக்கித் துண்டு கட்டினார் என்று நாச்சியாபுரம் வரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. துரை மாட்டைத் தொடவே இல்லை. துண்டைக் கட்டியவர் மலையாண்டி அம்பலம்.